வாய் திறக்காத பிள்ளையை விட்டுவிடாதீர்கள்

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

நான் ஒரு கல்வியியல் கல்லூரியில் உளவியல் தாள் நடத்துகிறவள். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் எங்கள் மாணவ ஆசிரியர்களைப் பார்வையிட உங்கள் பள்ளிகளுக்கு வருவேன். வகுப்பின் கடைசி பெஞ்சில் இடம் கேட்டு உட்காருவேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் கண்ணில் படாத சில சங்கதிகள் அங்கிருந்து பார்த்தால் தெரியும். கேள்வி கேட்டதும் எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, கடைசிவரை வாய் திறக்காத பிள்ளை அவற்றில் ஒன்று. அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் வகுப்பில் அப்படி ஒருவராவது இருப்பார். ஸ்டாஃப் ரூமில் அவருக்கு ஒரு பட்டப்பெயரும் இருக்கும்: கல்லுளிமங்கன், அழுத்தக்காரி. மனசு இளகியவர்கள் "கூச்ச சுபாவம், பாவம்" என்பார்கள். முதல் ரகத்து ஆசிரியர் அதட்டிப் பேசவைக்கப் பார்ப்பார். இரண்டாம் ரகத்து ஆசிரியர், இனி அந்தப் பிள்ளையிடம் கேள்வியே கேட்பதில்லை என்று முடிவெடுத்துவிடுவார். இரண்டுமே அந்தப் பிள்ளையின் பயத்துக்குத் தீனி போடுகின்றன. அதட்டுவது ஏன் கூடாது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. விட்டுவிடுவது ஏன் கூடாது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதை நாம் அன்பினால் செய்கிறோம்.

ஓர் ஏழாம் வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தமிழ்ப் பாடவேளை, உரைநடை. பெஞ்ச் வரிசைப்படி ஆளுக்கொரு பத்தி வாசிக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு சிறுமி. முதல் மாணவன் வாசிக்கத் தொடங்கியதுமே அவள் தனக்கு முன்னால் இருந்த தலைகளை எண்ணினாள். பிறகு புத்தகத்தில் பத்திகளை எண்ணினாள். தனக்கு வரப்போகும் பத்தியைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வகுப்பில் நடந்த எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. துப்பட்டா நுனியில் உள்ளங்கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். நடுவில் ஒரு பையனை ஆசிரியை இரண்டு பத்தி சேர்த்து வாசிக்கச் சொன்னதில் கணக்கு மாறிப்போனது; திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். அவள் முறைக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது எழுந்து, "மிஸ், வெளிய போகணும்" என்றாள். ஆசிரியை தலையசைத்தார். அவள் திரும்பி வந்தபோது வாசிப்பு அவள் பெஞ்சைத் தாண்டியிருந்தது. உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பெருமூச்சை கவனியுங்கள். பி.எட். படித்தபோது ஸ்கின்னரின் எதிர்மறை வலுவூட்டல் பற்றி எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அதைத் தண்டனையோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ஒரு செயலைச் செய்ததும் வேதனை நீங்குகிறது. நீங்கியதால் அந்தச் செயல் பலப்படுகிறது. எதிர்மறை வலுவூட்டல் என்பது இவ்வளவுதான். வெளியே போனாள், பதற்றம் தணிந்தது. எனவே அடுத்த முறையும் வெளியே போவாள். 1947-இல் மவுரர் என்ற அமெரிக்க உளவியலாளர் பயத்தை இரண்டு கட்டமாகப் பிரித்து விளக்கினார். முதலில் ஏதோ ஒன்றால் பயம் ஒட்டிக்கொள்கிறது. என்றோ ஒருநாள் தப்பாக வாசித்தபோது எழுந்த சிரிப்பாக இருக்கலாம். அதன்பிறகு, ஒவ்வொரு முறை ஒதுங்கும்போதும் கிடைக்கும் நிம்மதி அந்தப் பயத்தை அழியாமல் காத்துவைக்கிறது. எல்லாப் பயத்துக்கும் இப்படி ஒரு தொடக்கச் சம்பவம் இருக்க வேண்டும் என்றில்லை. அதைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் இரண்டாவது கட்டம், அதாவது ஒதுங்குவது பயத்தை வளர்க்கிறது என்பது, இன்றுவரை பதற்றக் கோளாறுகளுக்கான சிகிச்சையின் அடித்தளமாக நிற்கிறது. ஒதுங்கிப் பழகிய பிள்ளைக்கு, நின்று வாசித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே வருவதில்லை. "அவளைக் கேட்க வேண்டாம், பாவம்" என்று நாம் முடிவெடுக்கும்போது, அவளுக்காக நாமே ஒதுங்கிக்கொடுக்கிறோம்.

பயந்து நிற்கும் பிள்ளையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நமக்குக் கோபமும் வராது. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. தோலுக்கும் வயிற்றுக்கும் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குப் போகிறது. கை சில்லிடுகிறது, வயிறு பிசைகிறது. மூச்சு வேகமாவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, தலை லேசாகச் சுற்றுகிறது. எச்சில் சுரப்பு குறைந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று நாம் கேட்கும் அந்த நேரத்தில் அந்த வாயில் எச்சில்கூட இல்லை.

மனசுக்குள் நடப்பது இன்னும் முக்கியம். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-இல் இதைத் துல்லியமாக வரைந்து காட்டினார்கள். மற்றவர் முன் பேச அஞ்சுகிறவரின் கவனம் வெளியே இருப்பதில்லை. முழுவதும் தன்மீதே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா என்று தன்னையே வேவு பார்க்கிறார். எதிரே இருப்பவர்களின் கண்ணுக்குத் தான் எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படத்தை மனசுக்குள் வரைந்துகொண்டு, அந்தப் படத்தையே உண்மை என்று நம்புகிறார். தப்பிக்கச் சின்னச் சின்னத் தற்காப்புகளும் செய்கிறார்: புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பது, தணிந்த குரலில் வேகவேகமாக வாசித்து முடிப்பது. அந்தத் தற்காப்பே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. குரல் தணிந்ததால் நாம் "கேட்கல, சத்தமா!" என்கிறோம், அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள், எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிடுகிறது.

உண்மையில் அந்தப் பிள்ளையை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் மாணவர்களிடம், போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படியாக ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டைக் கொடுத்து, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். தன் சட்டையை ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு இது. உங்கள் வகுப்பிலும் பாதிப் பேர் மணி எப்போது அடிக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை அந்தப் பிள்ளையிடம் வாயால் சொன்னால் நம்பாது. நம்பும்படியான அனுபவம் கிடைக்க வேண்டும்.

ஸ்டாஃப் ரூம் பட்டப்பெயர்களுக்கு வருகிறேன். ஒரு பிள்ளை பேசவில்லை என்றால் "அதோட சுபாவம் அப்படி" என்று முடித்துவிடுவது நமக்குச் சுலபமாக வருகிறது. ஒருவரின் செயலுக்கு அவர் நின்ற சூழலை மறந்துவிட்டு அவர் குணத்தைக் காரணமாகச் சொல்லும் இந்தச் சாய்வுக்கு, லீ ராஸ் 1977-இல் அடிப்படைக் கற்பிதப் பிழை என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு அவரும் தெரசா அமபிலே, ஜூலியா ஸ்டைன்மெட்ஸ் ஆகியோரும் ஸ்டான்ஃபோர்டில் ஒரு வினாடிவினா நடத்தினார்கள். யார் கேள்வி கேட்பவர், யார் பதில் சொல்பவர் என்பதைக் குருட்டாம்போக்கில் பிரித்தார்கள். கேட்பவர் தனக்குத் தெரிந்த விஷயங்களிலிருந்தே பத்துக் கடினமான கேள்விகளைத் தயாரித்துக்கொள்ளலாம். பதில் சொன்னவர்களால் சராசரியாக நான்குக்குத்தான் சரியாகச் சொல்ல முடிந்தது. முடிவில் பார்வையாளர்களைக் கேட்டால், கேள்வி கேட்டவர்களைத்தான் அறிவாளிகள் என்றார்கள். பதில் சொன்னவர்களும் தங்களைவிட அவர்களையே உயர்த்தி மதிப்பிட்டார்கள். பாத்திரம் குலுக்கலில் விழுந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் இப்படி. வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்கும் பக்கத்தில் நிற்கிறவர்கள் நாம். எதிரே நிற்கிறவர் மந்தமாகத் தெரிவதற்கு நாம் நிற்கும் இடமும் ஒரு காரணம் என்பதை நம்மைவிட வேறு யார் நினைவில் வைத்திருக்க வேண்டும்?

இந்தச் சாய்வு எல்லா ஊரிலும் ஒரே அளவு என்றும் சொல்ல முடியாது. ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் சிகாகோவிலும் நம் பக்கத்து மைசூரிலும் சிறுவர்களையும் பெரியவர்களையும் கேட்டுப் பார்த்து 1984-இல் எழுதினார். எட்டு வயதில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் காரணம் சொன்னார்கள். வயது ஏற ஏற, சிகாகோக்காரர்கள் ஆளின் குணத்தையும் மைசூர்க்காரர்கள் சூழ்நிலையையும் அதிகம் காரணமாகச் சொன்னார்கள். "அவ வீட்ல என்ன கஷ்டமோ" என்று ஆரம்பிக்கும் பேச்சு நமக்குப் புதிதல்ல. ஸ்டாஃப் ரூமுக்குள்ளும் அந்தப் பேச்சு வரட்டும்.

அப்படியானால் சுபாவம் என்று ஒன்று கிடையாதா? இருக்கிறது. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய ஒலிகளையும் வாசனைகளையும் ஆடும் பொம்மைகளையும் காட்டிப் பார்த்தார். ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் கைகாலை உதைத்து, முதுகை வளைத்து, வீறிட்டு அழுதன. அவர்களில் பலர் இரண்டு வயதில் புது ஆளைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளிகிறவர்களாக வளர்ந்தார்கள். ஆனால் பள்ளி வயதிலும் மிக ஒடுங்கியவர்களாகவே தொடர்ந்தவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர்தான். அதேபோல் கலகலப்பின் மறுகோடிக்குத் தாவியவர்களும் அபூர்வம். பிறவிக் குணம் ஒரு எல்லையைப் போடுகிறது. அந்த எல்லைக்குள் பிள்ளை எங்கே நிற்கும் என்பதை வீடும் வகுப்பறையும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

ஆளுமைக் கோட்பாட்டில் நடந்த பெரிய சண்டையே இதைப் பற்றியதுதான். 1920-களில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்றவும் பொய் சொல்லவும் வாய்ப்புக் கொடுத்துச் சோதித்தார்கள். பரீட்சையில் காப்பியடித்த பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. இங்கே நேர்மையாக இருந்தது அங்கே ஏமாற்றியது. ஒரு சந்தர்ப்பத்தை வைத்து இன்னொன்றை நம்பி ஊகிக்க முடியவில்லை. 1968-இல் வால்டர் மிஷல் இப்படிப்பட்ட சான்றுகளையெல்லாம் திரட்டி, குணத்தை அளக்கும் தேர்வுகள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒருவர் என்ன செய்வார் என்பதைச் சொல்வதில் மிகப் பலவீனமானவை என்று எழுதினார். பிறகு சேமூர் எப்ஸ்டீன் போன்றவர்கள், பல நாள் பல சந்தர்ப்பங்களைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் குணம் நிலையாகத் தெரிகிறது என்று காட்டினார்கள். இரண்டு தரப்பும் சொன்னது சரி என்றுதான் நான் பாடம் நடத்துகிறேன். ஆண்டு முழுக்க ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு "அமைதியானவள்" என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் அவள் ஏன் பேசவில்லை என்பதற்கு அது பதிலாகாது. அதற்கு அந்த பீரியடைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள். தனிமையில் சுகம் காணும் பிள்ளை வேறு, பயந்து ஒடுங்கும் பிள்ளை வேறு. உளவியலாளர் யுங் 1921-இல் விவரித்த அகமுகத்தவருக்குப் பயம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அப்படிப்பட்ட பிள்ளை கேட்டால் பதில் சொல்லிவிட்டு உட்காரும். இன்டர்வெல்லில் ஒரே ஒரு நண்பனோடு வேப்பமரத்தடியில் நிம்மதியாக இருக்கும். அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பதில் தெரிந்திருந்து, சொல்லவும் ஆசைப்பட்டு, சொல்ல முடியாமல் தவிக்கிற பிள்ளையைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சரியான விடையை எழுதிவைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் பிள்ளை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். வாய் பேசாத பையனை நாம் பிரச்சினை என்று பார்க்கிறோம். வாய் பேசாத பெண்ணை "அடக்கமான பொண்ணு" என்று பெற்றோர் கூட்டத்தில் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டுக்குப் பின்னால் ஒரு பயம் பத்தாம் வகுப்பு வரை பத்திரமாக ஒளிந்திருக்க முடியும். அந்தப் பெண் கல்லூரியில் செமினார் எடுக்க வேண்டிய நாளில் லீவு போடுவாள், வேலைக்கான நேர்காணலுக்குப் போகாமலே இருந்துவிடுவாள். எங்கள் கல்லூரிக்கே அப்படி வருகிறார்கள். ஆசிரியராக விரும்பி வந்துவிட்டு, வகுப்பின் முன் நிற்க வேண்டிய வாரத்தில் படிப்பையே விட்டுவிடலாமா என்று கேட்கிறவர்களுடன் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கேட்டால் பெரும்பாலும் ஏழாவது எட்டாவதில் தொடங்கியதாகத்தான் சொல்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் கையேடும் சமூகப் பதற்றக் கோளாறு முக்கால்வாசிப் பேருக்கு எட்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் தொடங்குகிறது என்றே சொல்கிறது. அதாவது, உங்கள் கையில் இருக்கும்போது.

வகுப்பு என்பது ஒரு கூட்டம். கூட்டத்துக்கு முன் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றிச் சமூக உளவியல் சொல்வதில் இரண்டு விஷயங்கள் நமக்கு நேரடியாகப் பயன்படும். ஒன்று, 1965-இல் ராபர்ட் சையன்ஸ் முன்வைத்தது. நன்றாகப் பழகிய வேலையைப் பார்வையாளர்கள் முன் இன்னும் நன்றாகச் செய்கிறோம். பழகாத வேலையைப் பார்வையாளர்கள் முன் இன்னும் மோசமாகச் செய்கிறோம். இதைக் கரப்பான்பூச்சிகளை வைத்துக்கூட அவரும் சகாக்களும் சோதித்தார்கள். சக கரப்பான்கள் பக்கத்தில் இருந்தபோது நேரான பாதையில் அவை வேகமாக ஓடின. வழி தேட வேண்டிய பாதையில் கூடுதலாகத் தடுமாறின. இப்போது நம் வழக்கத்தைப் பாருங்கள். புதுப் பாடம், இதுவரை கண்ணில் படாத வாக்கியங்கள், அதை முதல் தடவையாக எல்லோர் முன்னிலும் சத்தமாக வாசிக்கச் சொல்கிறோம். பழகாத வேலை, முழுப் பார்வையாளர்கள். தடுமாற வைக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

இன்னொன்று சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்டது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிகச் சுலபமான கேள்விக்கு, முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட ஒரு குழு ஒரே குரலில் தப்பான பதில் சொன்னபோது, உண்மை தெரிந்தவர்களில் பலர் அவ்வப்போது அந்தத் தப்பான பதிலையே சொன்னார்கள். எல்லோரும் இந்தப் பகுதியை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் தொடர்ச்சி. குழுவில் ஒரே ஒருவர் சரியான பதில் சொல்லிவிட்டால் போதும், கூட்டத்தோடு ஒத்துப்போவது சட்டென்று விழுந்துவிட்டது. நாற்பத்தைந்து பேர் இருக்கும் வகுப்பில் பயந்த பிள்ளைக்கு நாற்பத்தைந்து பேரின் அன்பும் தேவையில்லை. பக்கத்தில் ஒரு தோழி போதும். பெஞ்ச் மாற்றும்போது அந்த இருவரைப் பிரிக்காதீர்கள்.

இனி, செய்ய வேண்டியது. இதற்கு நான் எப்போதும் திரும்பிப் போவது மேரி கவர் ஜோன்ஸிடம். வாட்சன் 1920-இல் இரும்புத் தண்டைச் சுத்தியலால் தட்டி, ஆல்பர்ட் என்ற கைக்குழந்தைக்கு வெள்ளை எலியிடம் பயத்தை உண்டாக்கிய பரிசோதனை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அந்தப் பயத்தை நீக்கும் முன்பே குழந்தையை அங்கிருந்து அழைத்துப் போய்விட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1924-இல், ஒரு பயத்தை எப்படி எடுப்பது என்று காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ். பீட்டர் என்ற, இன்னும் மூன்று வயது நிரம்பாத சிறுவன் முயலைக் கண்டால் அலறுவான். அவனை முயலோடு அறைக்குள் பூட்டவும் இல்லை, முயலைக் கண்ணில் காட்டாமல் ஒளிக்கவும் இல்லை. முயலுக்குப் பயப்படாத சில பிள்ளைகளோடு அவனை விளையாட விட்டார். கூண்டு முதலில் பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தது. பிறகு நான்கு அடி, மூன்று அடி, பக்கத்தில். அடுத்து முயல் கூண்டை விட்டு அறைக்குள் வந்தது. இடையில் பீட்டருக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் கிடந்தான். வீடு திரும்பும் வழியில் ஒரு பெரிய நாய் பாய்ந்து பயமுறுத்தியதில் பழைய பயமெல்லாம் திரும்பிவிட்டது. மறுபடி தொடங்கினார்கள். இம்முறை அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கடிக்கக்கூட பீட்டர் விட்டான். பின்னடைவு வந்தால் எல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு இந்த நாய் சம்பவம் பெரிய துணை.

வகுப்பில் இதை எப்படிச் செய்வது? ஓர் அறிவியல் ஆசிரியை செய்ததை நான் பார்த்தேன். பேசாத மாணவன் ஒருவனிடம் சாயங்காலம் பள்ளி விடும்போது ஒரு துண்டுத்தாளைக் கொடுப்பார். நாளை அவனிடம் கேட்கப்போகும் ஒரே கேள்வி அதில் இருக்கும், பதில் ஒரே சொல்லில் முடியும். மறுநாள் கேட்பார், அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வான், அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். பாராட்டக்கூட நிற்கமாட்டார். "எல்லாரும் கை தட்டுங்க" என்று சொல்வது அன்பாகத் தோன்றும். ஆனால் அது மறுபடி நாற்பத்தைந்து முகங்களை அவன்மேல் திருப்புகிறது. அவர் நோட்டைத் திருத்தும்போது ஓரத்தில் "இன்று பதில் தெளிவாக இருந்தது" என்று எழுதினார். சில வாரங்களில் பதில் ஒரு வாக்கியமானது. பிறகு துண்டுத்தாள் நின்றது.

வாசிப்புக்கும் இதே படிக்கட்டுதான். முதலில் பக்கத்துப் பெஞ்ச் தோழிக்கு மட்டும் கேட்கும்படி வாசிக்கட்டும். பிறகு மதிய இடைவேளையில் உங்கள் மேசைக்கருகே வந்து உங்களுக்கு மட்டும். பிறகு தோழியோடு சேர்ந்து ஒரே குரலில் வகுப்புக்கு. பிறகு முதல்நாளே சொல்லிவைத்த ஒரு பத்தி, தனியாக. காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பதெல்லாம் வெகு பின்னால். அங்கே நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு "பயம் போயிடும்" என்று சொல்லாதீர்கள். ஒரு படியில் பயம் தணிந்த பிறகே அடுத்த படி. பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் உட்காரவைத்துவிடாதீர்கள். ஒரு வரியையாவது முடிக்கும்வரை அவசரப்படுத்தாமல் கூடவே நில்லுங்கள். எப்போதாவது ஒருமுறை செய்வதைவிட அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது பலிக்கும். யாராவது சிரித்தால், சிரித்தவரைப் பெரிய காட்சியாக்கிக் கண்டிக்க வேண்டாம். வகுப்பு முடிந்ததும் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள்.

போர்ஷன், எமிஸ் பதிவு, ஹெச்.எம். மீட்டிங், தேர்ச்சி விகிதம் எல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்பதில் பெரும்பாலானவற்றுக்குக் கூடுதல் பீரியட் தேவையில்லை. நாளைக்கு என்ன கேட்பீர்கள் என்பதை இன்றைக்கே சொல்வதற்கு அரை நிமிடம் ஆகும்.

எல்லாவற்றையும் பதற்றம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மற்ற இடங்களில் நன்றாகப் பேசிவிட்டு, வாசிக்கச் சொன்னால் மட்டும் ஒதுங்கும் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிக்கல் இருக்கலாம். திக்குவாய் இருக்கலாம். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளை, பேச்சு வழக்கைக் கேலி செய்ததால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வீட்டில் வாயாடியாக இருந்து பள்ளிக்குள் நுழைந்ததும் ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளைகளும் உண்டு. சூழல் சார்ந்த இந்தப் பேச்சின்மையை 2013-இல் வந்த அமெரிக்கக் கையேடு பதற்றக் கோளாறுகளின் வரிசையில்தான் சேர்த்திருக்கிறது. பிடிவாதம் என்று நினைத்து அடித்தால் அது இறுகும். புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் எந்தப் பிள்ளையும் ஒதுங்கியிருப்பது இயல்பு. அதைத் தாண்டியும் தொடர்ந்தால் வீட்டில் எப்படிப் பேசுகிறது என்று பெற்றோரிடம் கேளுங்கள்.

நோய் என்று பெயர் சூட்டுவது உங்கள் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல. பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் நட்பையும் கெடுத்தால், திங்கட்கிழமை காலைகளில் வயிற்று வலி, வாந்தி என்று பள்ளிக்கு வருவதே குறைந்தால், சாக வேண்டும் என்பது போன்ற பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலும்கூட, மனநல உதவி தேவை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்; பெற்றோர் தயங்கினால் முதலில் நீங்களே அழைத்து ஆலோசனை கேட்கலாம். சமூகப் பதற்றக் கோளாறுக்குச் சிகிச்சை இருக்கிறது, அது பலன் தருகிறது.

ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் ஐந்தாறு தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். முதல் நாளே ஒவ்வொருவரையும் முன்னால் நிறுத்தித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்லும் வழக்கத்தை இந்த ஆண்டு விட்டுப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேரும் ஊரும் பிடித்த விளையாட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, இருவராக உங்கள் மேசைக்கருகே வந்து ஒருவரைப் பற்றி மற்றவர் சொல்லட்டும். அதிலும் குரல் வராத பிள்ளைகள் யார் என்று ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு எங்கள் மாணவ ஆசிரியர்கள் வரும்போது அந்தத் தாளை அவர்களிடம் கொடுங்கள். மதிய இடைவேளையில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொருவராக வாசிக்கக் கேட்கும் வேலையை அவர்கள் செய்வார்கள். நான் சொல்லி அனுப்புகிறேன்.

அன்புடன்,
கல்வியியல் கல்லூரியிலிருந்து உங்கள் சக ஆசிரியை